பனி மூடிய படம்

"அந்தப் படத்தக் குடுங்க டீச்சர். அதுல யாரும் கை வைக்க வேணாம்!"

தங்கராசு போட்ட சத்தத்தில், கண்காட்சி பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

நெய்வேலி டவுன்ஷிப் உருவான காலத்துப் புகைப்படங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, பள்ளி ஹாலில் மாட்டியிருந்தாள் ஆசிரியை சண்முகப்பிரியா. தங்கராசுவின் தங்கை சின்னம்மாளும் ஒரு படம் கொடுத்திருந்தார்.

மார்கழிக் காலை. புதிதாகக் கட்டிய குவார்ட்டர்ஸ் வரிசை. வெறிச்சோடிய ரோடு. தூக்குவாளியோடு ஒரு பெண் பனிக்குள் நடந்து போகிறாள். முகம் தெரியவில்லை.

"இதாங்க எங்கம்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார் சின்னம்மாள். அம்மா இறந்தபோது அவர் கைக்குழந்தை. வீட்டில் வேறு படமே கிடையாது.

"கம்ப்யூட்டர்ல போட்டு பனிய எடுத்துட்டா முகம் தெளிவா வந்துடும். நானே சும்மா செஞ்சு தர்றேன்" என்று ஸ்டுடியோக்காரர் சிவக்குமார் சொன்னதுதான் வம்பாகிவிட்டது.

"உனக்கு என்னா வந்துச்சுண்ணா?" சின்னம்மாள் கண் கலங்கினார். "சாவறதுக்குள்ள ஒரு தடவ அம்மா மூஞ்சியப் பாத்துட்டுப் போறனே."

"வேணாம்னா வேணாம்."

"உனக்கு என்னா! நீ அம்மாவப் பாத்தவன். நாந்தான் வருசா வருசம் இந்த நெழலுக்குப் படைச்சிக்கினு கெடக்கறேன்."

சின்னம்மாள் விருட்டென்று வாசல் பக்கம் போய்விட்டார்.

"என்ன மனுஷனோ!" யாரோ முணுமுணுத்தார்கள்.

சண்முகப்பிரியா மெல்லப் பேச்செடுத்தாள்.

"ஐயா, எனக்கும் இந்தப் படம் இப்படியே இருக்கறதுதான் பிடிச்சிருக்கு. மத்த படத்துல எல்லாம் கட்டடம்தான் தெரியுது. இதப் பாத்தா அன்னிக்கு அடிச்ச குளிரே தெரியுது. ஆனா அவங்க கேக்கறது பெத்தவ முகத்தை. அதுக்குப் போய் இப்படிக் கோபப்படலாமா?"

தங்கராசு வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். குரல் தணிந்தது.

"சின்னப் புள்ளையில, 'அம்மா எப்படி இருப்பாங்க'ன்னு கேட்டு அழுதுகினே இருப்பா டீச்சர். மந்தாரக்குப்பத்துல ஒரு ஸ்டுடியோவக் காலி பண்ணப்ப, வேணாம்னு வெளிய கொட்டன படத்துல இது கெடந்துச்சு. எடுத்தாந்து, 'இதான்டி அம்மா'ன்னு குடுத்தேன். அன்னையிலேருந்து அழுகய நிறுத்திட்டா."

"அப்ப... இது யாரு?"

"யாரோ எவரோ, எனக்கே தெரியாதுங்க. எங்கம்மாவப் பாத்தவங்க ஊர்ல இன்னும் இருக்காங்க. மூஞ்சி தெரிஞ்சா, இவ இல்லன்னு சொல்லிடுவாங்களே."

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சிவக்குமாரைத் திரும்பிப் பார்த்தாள் சண்முகப்பிரியா.

மூக்கைத் துடைத்துக்கொண்டே சின்னம்மாள் திரும்பி வந்தார். "என்னாதான் சொல்றாரு எங்கண்ணன்?"

சிவக்குமார் முந்திக்கொண்டார்.

"தப்பு என்மேலதாம்மா. தெரியாம சொல்லிட்டேன். இந்தப் பனிய எந்தக் கம்ப்யூட்டராலயும் எடுக்க முடியாது."