தாழ்ந்து நின்ற பிக்கப்

"உந்தத் தகரப்பெட்டியிலையோ வலை ஏத்த வந்தனீங்கள்?"

ஆனந்தராசா கேற்றைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். இறக்கக்கண்டிக் கடற்கரையையும் தார் ரோட்டையும் இணைக்கும் மணல் ஒழுங்கையில், சரியாக அவர் வீட்டுக்கு முன்னால், ஒரு பழைய பிக்கப் நின்றது. பின் சில்லுகள் இரண்டும் மணலில் புதைந்திருந்தன.

ஓட்டுநர் இருக்கையில் தர்சன். பக்கத்தில் அவனுடைய தாய் குணேஸ்வரி, ஆனந்தராசாவின் இறந்துபோன தம்பியின் மனைவி. தம்பி போனபிறகு அவனுடைய பெரிய வலையை ஆனந்தராசா கடற்கரையிலிருந்த தன்னுடைய மீன் வாடியிலேயே வைத்துக்கொண்டார். அவள் எத்தனையோ தடவை வந்து கேட்டுவிட்டாள். மூதூரில் அவளுடைய அண்ணனிடம் வள்ளம் இருந்தது. வலை கிடைத்தால் தர்சன் அங்கே சொந்தமாகத் தொழில் செய்யலாம். கிடைக்காவிட்டால் காலம் முழுவதும் கூலிக்குத்தான் கடலுக்குப் போகவேண்டும்.

"வாகனத்தின்ர முகத்தைத் தார் ரோட்டுப் பக்கம் திருப்பி வைச்சுக்கொண்டெல்லோ நிக்கிறியள். நான் தரமாட்டன் எண்டு முதலே தெரியுமாக்கும்."

குணேஸ்வரி இறங்கினாள். "வலை எங்களுக்கு வேணும் அத்தான். வேற என்னத்தைக் கதைக்கிறது?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வாகனத்தின் பின்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"டேய் தர்சன், இதென்னடா? கோழி அடைகிடக்கிற மாதிரிக் குந்திக்கொண்டிருக்குது."

"ஸ்பிரிங் கொஞ்சம் பழசு, பெரியப்பா."

"கொஞ்சமோ? பம்பர் என்ர முழங்காலுக்குக் கீழ நிக்குது. தவழுற பிள்ளையும் ஏறியிடும்." முற்றத்தில் நின்ற தன்னுடைய பிக்கப்பைக் காட்டினார். "அதைப் பார். வெறுமையா நிக்கேக்கை பின்பக்கம் தூக்கி நிக்கவேணும். பாரம் ஏத்தினாப் பிறகுதான் மட்டத்துக்கு வரவேணும். அதுதான் பிக்கப். உன்ர வெறும் வாகனமே இந்தப் பதிவு பதிஞ்சால், வலையை ஏத்தினால் என்னாகும்? ஈயமும் கயிறுமா முக்கால் தொன் வரும் அது. அடித்தட்டு ரோட்டிலை உரசும்."

"வாங்கேல்லை, பெரியப்பா. வாடகைக்கு எடுத்தனாங்கள்."

"வாடகைக்கு எடுக்கவும் ஒரு கண் வேணுமடா. கொப்பனுக்கும் அது இல்லை. வள்ளத்தின்ர நிறத்தைப் பாத்து வள்ளம் வாங்கினவன்."

தர்சனின் விரல்கள் ஸ்டியரிங்கில் இறுகின.

ஆனந்தராசா பின்கதவின் பிடியை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"இதுவும் திறக்காதோ?"

"பூட்டு இறுகிப்போச்சுது, பெரியப்பா."

"பின்கதவு திறக்காத பிக்கப். வலையை என்ன, ஜன்னலாலையோ போடப்போறாய்?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "தறப்பாள் வேற இழுத்துக் கட்டியிருக்கிறியள். உள்ளுக்கை ஒண்டுமில்லை எண்டு ஆக்கள் பாத்திடுவினம் எண்ட வெக்கமாக்கும்."

சத்தம் கேட்டு வாடிப் பக்கமிருந்து அவருடைய தொழிலாளர் இருவர் வந்து நின்றார்கள். முன்பு தம்பியோடு கடலுக்குப் போனவர்கள். முதலாளி சிரித்தபோது அவர்கள் சிரிக்கவில்லை. கையிலிருந்த மணலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்கள்.

"அத்தான், ஒண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள் குணேஸ்வரி. "வலை ஆருடையது?"

"தம்பியின்ரதான். ஆர் இல்லையெண்டது?"

"அப்ப நாங்கள் கொண்டுபோகலாம்?"

அவர் பிக்கப்பின் பின்பக்கத்தைப் பார்த்தார். வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"தாராளமாக் கொண்டுபோ. உந்த வாகனத்திலை ஏத்தி இந்த ஒழுங்கையைத் தாண்டினால் அது உன்ர வலை. பிறகு நான் ஒரு வார்த்தை கதைக்கமாட்டன். இவை ரெண்டு பேரும் சாட்சி."

"சரி, அத்தான்."

"என்ன சரி? முதல்ல வெறும் வாகனத்தை மணலாலை எடுங்கோ பாப்பம்."

குணேஸ்வரி ஏறிக்கொண்டாள். தர்சன் வேகம் கொடுத்தான். சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. மணல் பறந்து ஆனந்தராசாவின் வேட்டியிலெல்லாம் விழுந்தது.

"விட்டால் என்ர வாசலிலையே குடியிருக்கும் போல. வாங்கோடா, தள்ளி விடுவம். இந்தத் தரித்திரத்தை இதிலை வைச்சுக்கொண்டிருக்க ஏலாது."

தொழிலாளர்கள் இரு பக்கமும் பிடித்தார்கள். அவரே நடுவில் தோளைக் கொடுத்தார்.

"பேர்தான் வெறும் வாகனம். பாறை மாதிரிக் கிடக்குது" என்று மூச்சு வாங்கினார். "பிறேக்கும் இறுகிப்போச்சாக்கும்."

இன்னொரு தள்ளலில் பிக்கப் மணலை விட்டு உருண்டது. "இதைக் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு ஒரு மாட்டுவண்டில் பிடியடா" என்ற அவருடைய குரல் பின்னால் கேட்டது.

தார் ரோட்டில் ஏறியதும் தர்சன் வாகனத்தை நிறுத்தினான். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"வாடியிலை ஏத்தேக்கை அந்த ரெண்டு பேரும்தான் கை குடுத்தவை, அம்மா. தள்ளேக்கை பெரியப்பாவும் சேந்திட்டார்."

குணேஸ்வரி இறங்கிப் பின்னால் போய், தறப்பாளுக்கு வெளியே நழுவித் தொங்கிய புருசனுடைய வலையின் நுனியை உள்ளே தள்ளி, கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.