திரையில் தெரிந்த ஒரே டிஸ்க்

எண்டர் தட்டியது என் விரல்தான். ஆனால் நான் திட்டியது விழுப்புரத்தில் கடை வைத்திருக்கும் கோதண்டபாணியை.

இடம், திண்டிவனத்தில் ஒரு பள்ளி அலுவலகம். சர்வர் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். பழையதில் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு மதிப்பெண்கள். புதியதில் நான் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்ற வேண்டும். திரையில் ஒரே ஒரு டிஸ்க்தான் தெரிந்தது. புதுசுதான் என்று நம்பி, 'முழுவதும் அழிக்கவா?' என்றதற்கு ஆமாம் சொல்லிவிட்டேன்.

தெரிந்தது பழசு. புது டிஸ்க்கை இணைக்கும் கார்டு யாரென்றே லினக்ஸுக்குத் தெரியவில்லை; அதனால் புதுசு திரைக்கே வரவில்லை. 'ரொம்ப நிலையான பதிப்பு' என்று பெருமையடித்துத்தான் கொண்டுவந்திருந்தேன். அழிப்பதிலும் அது நிலையாகத்தான் இருந்தது.

கார்டு விற்ற கோதண்டபாணிக்குப் போன் போட்டேன்.

"லினக்ஸ்ல ஓடும்னு சொல்லித்தானேய்யா வித்தே?"

"ஓடும்னுதான் சார் பேசிக்கினாங்க."

"யார் பேசிக்கினாங்க? நீ ஓட்டிப் பார்த்தியா?"

"நம்ம கடைச் சரக்கு ஓடாம எங்க சார் போவும்?"

"ஓடுமா, ஓடாதா? ஒரே வார்த்தை!"

"கடையில கூட்டமாக் கீது சார். ஜல்தியாக் கூப்புடறேன்."

வைத்துவிட்டான். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த மதிப்பெண்கள் கல்வி அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

எதிர் மேசையில் டைப்பிஸ்ட் இருதயமேரி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். காலையில் என் பேரைக் கேட்டதும் "கேள்விப்பட்டிருக்கேன் சார்" என்றவர். நம் புகழ் திண்டிவனம் வரைக்கும் வந்துவிட்டதே என்று அப்போது நெஞ்சை நிமிர்த்தியிருந்தேன்.

"மார்க்கெல்லாம் போச்சும்மா" என்றேன்.

"முழுசாவா சார்?"

"முழுசா."

ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நானூறு பசங்க பொழப்பும்மா! நீங்க மல்லாட்டை துன்னுக்கினு இருக்கீங்க?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பீரோவைத் திறந்து ஒரு சிடியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் எல்லாம் இதுல இருக்குது சார்."

காலில் விழலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவு பெரிய மனசு உடனே வருமா? விட்ட கோபத்தையே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன? யாரு காப்பி எடுக்கச் சொன்னது?"

"சும்மாதான் சார்."

"சும்மா யாராவது நானூறு பேரு மார்க்கை எடுத்துப் பூட்டி வைப்பாங்களா?"

"ஒரு இதுக்குத்தான் சார்."

"இன்னிக்கு ஒருத்தராவது எனக்கு நேராப் பதில் சொல்லுங்களேன்!" மேசையைக் குத்தினேன். மல்லாட்டைத் தோல் பறந்தது.

மேலே விழுந்த தோலைத் தட்டிவிட்டு, அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருசம் கூட்டேரிப்பட்டு டுடோரியல்ல நீங்க அழிச்சதை, பதினோரு நாள் உக்காந்து திரும்ப அடிச்சவ நான்தான் சார்."