ஏழாம் நம்பர் பனியன்

மேலகரம் கூடைப்பந்து மைதானத்தில் சாரல் பிசுபிசுக்கிறது. நாளை முதல் ஆட்டக்காரர்கள் விரும்பிய அணிக்குப் போகலாம். கமிட்டி விதித்த சம்பள வரம்புக்குள் ஒருவனுக்குத்தான் கூட்டிக் கொடுக்க முடியும். செயலாளர் கணபதிசுப்பிரமணியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருகிறார், எழுகிறார், எரிகிற பீடியையே மறுபடி பற்றவைக்கிறார். விலகுகிறவன் பனியனைத் துவைத்துக் கொடுத்துவிட்டுப் போவது இந்த அணியின் வழக்கம். இந்த வருஷம் இதுவரை யாரும் கொடுக்கவில்லை. வளையத்தடியில் ஏழாம் நம்பர் ஆட்டக்காரன் நெட்டை மைதீன் ஓயாமல் பந்தை எறிகிறான்.

“ஏலே மைதீன், மில்லு டீம்காரன் என்னலே சொல்லுதான்?”

“நம்ம கமிட்டி என்ன சொல்லுது அண்ணாச்சி?”

அவர் பீடியைக் காலில் மிதித்து அணைக்கிறார். பந்து வளையத்தில் மோதித் திரும்புகிறது.

“சாரல் வலுக்குது. எம் பையை நனையாம எடுத்து வையுங்க.”

எடுக்கிறார். ஏழாம் நம்பர் பனியன் மடிப்புக் கலையாமல் மேலாகவே இருக்கிறது. சவுக்காரம் மணக்கிறது.