வார்டில் சிரிப்புச் சத்தம்

வார்டுக்குள் நுழையும்போதே மச்சினன் குருவின் குரல் கேட்டது. நாகையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, வலது கன்னம் டியூட்டிக்கு வந்துடுச்சு. இடது கன்னம் மட்டும் டாக்டர்கிட்ட எம்சி வாங்கிட்டு லீவுல படுத்திருக்கு லா!"

கட்டிலில் மனைவி சீதாலெட்சுமி சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. மறுபாதி அப்படியே கிடந்தது.

"போதும்டா, தையல் வலிக்குது" என்றாள். வார்த்தை குழறியது.

வருடக்கணக்காகச் சீழ் வடிந்த காது. ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். மறுநாள் பார்த்தால் இடது பக்க முகம் தொங்கிவிட்டது. கண்ணை மூட முடியவில்லை. குடித்த தண்ணீர் கடைவாயில் வழிந்தது.

"முகத்து நரம்பு காது வழியாத்தான் போகுது, அங்கிள். அது வீங்கியிருக்கலாம். இன்னைக்குக் கொஞ்சமாவது அசைவு தெரியணும். இல்லைன்னா நாளைக்குக் காதைத் திரும்பத் திறந்துதான் பார்க்கணும்."

காலையில் டாக்டரம்மா இப்படிச் சொன்னதிலிருந்து நாகையாவுக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பவும் கத்தியா? இவள் தாங்குவாளா?

இவனுக்கோ விளையாட்டு!

கல்யாணப் பந்தலில் நாகையாவின் வேட்டி அவிழ்ந்ததைப் போர்ட் கிள்ளான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் இந்த லோரிக்காரப் பயல். முப்பது வருடம் ஆகியும் நாகையா மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

குரு இப்போது அதையே ஆரம்பித்தான்.

"மச்சான் கையில தாலி. வேட்டி தனியா கீழே போய்க்கிட்டு இருக்கு. தாலியைக் கட்டவா, வேட்டியைக் கட்டவான்னு ஐயரைப் பார்க்கிறாரு பாரு ஒரு பார்வை!"

சீதாலெட்சுமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வெளியே போடா!"

நாகையா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் சீனக் கிழவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பொண்டாட்டி முகம் இப்படி ஆயிடுச்சேன்னு நான் செத்துக்கிட்டு இருக்கேன். உனக்குச் சொந்த அக்கா முகமாச்சேன்னுகூட இல்லையா? கேலியா பண்றே?"

குரு திரும்பவில்லை. அக்காவின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"அப்புறம் அடிங்க மச்சான். முதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க. அவங்க சிரிச்சுக் காட்டச் சொன்னா அக்காவுக்கு அழுகைதான் வருது. அதான் காலையிலேர்ந்து வாய்க்கு வந்ததை உளறிக்கிட்டு இருக்கேன். இப்பத்தான்... இடது பக்க உதடு லேசா அசைஞ்சது!"