ஐந்து கிலோ மூட்டை

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு சிமென்ட் மூட்டை எத்தனை கிலோ? அஞ்சா, அம்பதா, ஐந்நூறா, ஐயாயிரமா?"

கோட்டு போட்டவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். எதிர் நாற்காலியில் இருந்தவனுக்கு நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது. வாயைத் திறந்தான், மூடினான், எச்சிலை விழுங்கினான்.

"அஞ்சு," என்றான்.

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. நேரடி ஒளிபரப்பு. பதினெட்டு வருடமாக அவன் மூட்டை தூக்குகிற சிமென்ட் குடோனின் சாப்பாட்டுக் கொட்டகையில், ஒரு பழைய டிவிக்கு முன்னால் இருபது பேர் வாயில் வைத்த கவளத்தை மெல்ல மறந்துபோனார்கள்.

மறுநாள் காலை அவனைக் குடோன் வாசலிலேயே மறித்தார்கள். குடோனில் அவனுக்குப் புரபசர் என்று பெயர். ஒரு லாரி போய் அடுத்த லாரி வருவதற்குள் கிடைக்கிற பத்து நிமிடத்திலும், மூட்டை அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்து பொது அறிவுப் புத்தகம் படிக்கிறவன்.

"வாடா புரபசர்," என்றான் கூட்டாளி. "அஞ்சு கிலோ மூட்டையைத் தூக்கித்தான் எனக்கு முதுகெலும்பு வளைஞ்சுதா?"

"விடுப்பா. வெளிச்சத்துல கண்ணு கூசிடுச்சு."

"உனக்குக் கண்ணு கூசிடுச்சு. மேஸ்திரி என்ன சொல்றாரு தெரியுமா? அஞ்சு கிலோதானாம், இனிமே ஆளுக்கு ஒரு நடைக்குப் பத்து மூட்டையாத் தூக்கணுமாம்."

"நானா சொன்னேன்?" என்று உள்ளேயிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. "டிவியிலயே சொல்லிட்டாங்க."

இது அவன் போன ஒன்பதாவது நிகழ்ச்சி. நான்கு சேனல்களில் வினாடி வினா நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. எல்லாவற்றிலும் முதல் கேள்வியோடு வெளியே வந்தவன். வாரத்துக்கு எட்டு நாள் என்றான். தேனீக்கு நான்கு கால் என்றான். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொல்லிவிட்டு, நிதானமாகத் தண்ணீர் குடித்தான்.

"ஒண்ணு கேக்கறேன்டா," என்றான் கூட்டாளி, தலைத்துண்டைக் கட்டிக்கொண்டே. "நாலு பதில் கொடுக்கறாங்க. கண்ணை மூடிக்கிட்டு விரலை வச்சாலே ஒன்பது தடவையில ரெண்டு தடவையாவது சரியா விழும். உனக்கு மட்டும் எப்படிடா ஒண்ணுகூட விழல?"

புரபசர் குனிந்து முதுகைக் காட்டினான். மேலே நின்றவன் மூட்டையை இறக்கினான். ஐம்பது கிலோ, ஒரு கிராம் குறையாமல் வந்து உட்கார்ந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் துணிப்பை இருந்தது. மனைவி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மகளின் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன.

"எங்க கிளம்பறீங்க?"

"எங்கண்ணன் வீட்டுக்கு. போன தடவையே சொன்னேன்ல. இன்னொரு தடவை தோத்துட்டு வந்தா நானும் பாப்பாவும் இங்க இருக்கமாட்டோம்னு."

"ஒரு விளையாட்டுக்குப் போயி..."

"விளையாட்டா? இன்னைக்கு டீச்சர் எடைக் கணக்கு சொல்லித் தந்திருக்காங்க. ஒரு பையன் எந்திரிச்சு, இவங்கப்பாவைக் கேளுங்க டீச்சர்ங்கறான். வகுப்பே சிரிச்சிருக்கு. மதியத்துல இருந்து பிள்ளை ஒரு வாய் சாப்பிடல. தெரியலைன்னா வீட்டுல கெட. யாரு உன்னை வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டா?"



அவள் எழுந்து அலமாரியிலிருந்த பொது அறிவுப் புத்தகத்தை உருவினாள். "போறதுக்கு முன்னாடி இதை அடுப்புல வச்சுட்டுப் போறேன். படிச்சுக் கிழிச்சது போதும்."

"ஐயோ, அதை மட்டும் தொடாத," என்று பாய்ந்து பிடுங்கினான். "அது இல்லாம வேலை நடக்காது."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கிறுக்குப் பிடித்தவனிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்தவளாகப் பையைத் தோளில் மாட்டி, மகளின் கையைப் பிடித்து வாசற்படி இறங்கினாள்.

அவனுடைய ஃபோன் அடித்தது. உள்ளே சிமென்ட் தூசி போய் அடைத்த ஃபோன், ஸ்பீக்கரில்தான் பேசும். அவன் அவசரமாகத் துண்டிக்கப் பார்த்தான். காய்ப்புக் காய்த்த விரல், பச்சைப் பொத்தானில்தான் பட்டது.

"அண்ணே, நிகழ்ச்சி மேனேஜர் பேசறேன். நேத்துப் பிரமாதம். அஞ்சு கிலோன்னீங்க பாருங்க, ஆபீஸே உருண்டு சிரிச்சுச்சு. உங்களைப் பார்த்துத்தாண்ணே ஜனங்க, நாம எவ்வளவோ பரவாயில்லைன்னு நிம்மதியாத் தூங்கறாங்க."

படியிலிருந்த கால் நின்றது.

"நாளைக்கும் நீங்களே வந்துடுங்க. சல்லிசா இருக்கட்டும்னு இன்னைக்கு மதியம் வேற ஒருத்தனைத் தோக்கறதுக்குப் பிடிச்சுட்டு வந்தோம். படிக்காத பய. எது சரின்னே தெரியாம, தப்புன்னு நெனச்சுச் சரியான பதிலைச் சொல்லித் தொலைச்சுட்டான். காரைக் கொடுத்து அனுப்பவேண்டியதாப் போச்சு. வீட்டுல நீங்க மூச்சு விடலையே?"

புரபசர் மனைவியைப் பார்த்தான். அவள் படியேறி உள்ளே வந்தாள். பையைத் தரையில் இறக்கிவைத்தாள். அவன் கையிலிருந்த ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"கூலியை ஏத்தினாத்தான் வருவாரு, தம்பி."