கடித்துப் பார்த்த ரயில்

லிங்கராஜபுரத்தில் பிளேஸ்கூல் நடத்தும் நோரா, எந்தப் பொம்மையையும் கடைத் தரையில் ஓங்கிப் போட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டாள். அவள் வாங்கியதில் ஒன்றுகூட இதுவரை உடைந்ததில்லை. அதில் அவளுக்குத் தனிப் பெருமை.

இன்றும் கடைக்காரர் சுனில் அவள் கண்முன்னேதான் டப்பாவின் சீலைப் பிரித்தார். உள்ளே இருந்த மர ரயிலில் குட்டிப் பல் தடங்கள்.

"உங்களுக்குப் பிரிச்சா மட்டும் இப்படி வருதே மேடம். வேற தரட்டுமா?"

"வேணாம், இதுதான் ஸ்ட்ராங்கா இருக்கும்."

நோரா தடங்களை விரலால் தடவினாள். எப்போதும் நாலுதான் இருக்கும். போன வருஷம் அடக்கம் பண்ணும்போது அவள் மகன் ஆஷ்லிக்கு நாலு பல்தான்.

இன்று ஐந்து இருந்தது.

"பாருங்க சுனில், என் பையனுக்குப் புதுப் பல் முளைச்சிருக்கு" என்றாள், முகமெல்லாம் பூரிப்பாக.