பேரம் பேசாத வாடிக்கையாளர்

புது ஸ்மார்ட் ஸ்பீக்கரின் விலை எண்ணூறு டாலர். மூன்று வாரமாகியும் விற்பனை கிட்டத்தட்ட பூஜ்யம்.

"விலையைக் குறைச்சிடலாம், மதன்," என்றாள் மேலாளர் சிந்து.

விலை நிர்ணயித்த மதன்குமார் பதறினான். "வேண்டாம் மேடம். நேத்து த்ரீ கிங்ஸ் கடையில ஒண்ணு வித்திருக்கு. வாங்கின லேடி விலையே கேக்கலையாம், டிஸ்கவுண்ட்டும் கேக்கலையாம். நம்ம கஸ்டமர் அவங்கள மாதிரி ஆளுங்கதான்!"

"அப்படின்னா ஏத்திடலாம். நாளையிலேர்ந்து ஆயிரம்."

மாலை வீட்டுக்குள் நுழைந்தவனை அதே ஸ்பீக்கர் பாட்டோடு வரவேற்றது.

"ஒண்ணுகூட விக்கலைன்னு புலம்பிட்டே இருந்தீங்களே, அதான் நேத்து வாங்கிட்டேன்," என்றாள் மனைவி மஹதி. "பேரம் பேசினா உங்களுக்குத்தானே கேவலம்? வாயே திறக்கலை. எங்க அக்காவும் நாளைக்கு ஒண்ணு வாங்குறா."